ஆனியன் க்ரீக்கில் அப்பாவும் நானும்: சட்டிமீன், தண்ணிப்பாம்பு, இரண்டு சந்தேகங்கள்

#1 பொருநைக்கரையான் (ஆஸ்டின்), ஞாயிறு இரவு 10.20

அம்பாசமுத்திரத்தில் இருந்து அப்பா வந்து மூன்று வாரம் ஆகிறது. போன புதன்கிழமை சாப்பிடும்போது, "இந்த ஊர்ல ஆறு ஓடை ஒண்ணும் கெடையாதாய்யா?" என்று கேட்டார். தாமிரபரணிக் கரையில் மூங்கில் கழியோடு வளர்ந்த மனிதர். கேட்டவுடன் எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று அவரை ஆனியன் க்ரீக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெற்றோர் வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் ஒரு தகவல். டெக்சஸில் 17 வயது ஆனவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். ஆனால் ஸ்டேட் பார்க்குக்குள் கரையில் நின்று பிடிக்க அது தேவையில்லை. இரண்டு மாதம் வந்து போகிற அப்பாவுக்கு இதுதான் வசதி என்று மெக்கின்னி ஃபால்ஸ் ஸ்டேட் பார்க்கைத் தேர்ந்தெடுத்தேன். நுழைவுக் கட்டணம் மட்டும்தான். வில்லியம்சன் க்ரீக் ஆனியன் க்ரீக்கோடு சேருவதும் அந்தப் பூங்காவுக்குள்தான்.

நம் ஊர் ஓடை மாதிரி மணல் படுகை இல்லை. சுண்ணாம்புக்கல் பாளம் பாளமாகக் கிடக்கிறது. தண்ணீர் அதன்மேல் வழிந்து, விளிம்பில் விழுந்து, கீழே குளம்போலத் தேங்குகிறது. அருவி என்றால் பாணதீர்த்தம் மாதிரி நினைத்துவிட வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கரையில் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே வேர் இறக்கி நிற்கின்றன. அதில் ஒன்றுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். அப்பா அதன் அடிமரத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூண்டிலை எடுத்தார்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஐந்தடி ராடு இரண்டு, நான்கு பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, 8-ம் நம்பர் முள், சின்னத் தக்கை, ஒரு டப்பா மண்புழு. இங்கே இந்தச் சின்ன மீன்களுக்குப் பொதுப்பெயர் பான்ஃபிஷ். வறுக்கிற சட்டிக்குள் முழுசாக அடங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். நான் சட்டிமீன் என்றே எழுதுகிறேன்.

நான் அருவி நுரைக்குப் பக்கத்தில் முள்ளைப் போடப் போனேன். அப்பா தடுத்தார். "நுரையில போட்டா பொடிசுதான் வரும். அந்த வேர் நிழல்ல போடு." முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் ஓடைக்குப் போகவில்லை. ஆனாலும் போட்ட இரண்டாவது நிமிஷம் தக்கை இரண்டு முறை துடித்து, சாய்ந்து, பக்கவாட்டில் ஓடியது. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய்விடும் என்றார்.

மத்தியானத்துக்குள் பதினொன்று கிடைத்தது. உள்ளங்கைக்கு அடங்கினதை எல்லாம் விட்டுவிட்டோம். அப்பாவுக்குக் கிடைத்த ஒன்று சாம்பல் உடம்பில் முத்து முத்தாக நீலப்புள்ளி தெளித்தது போல இருந்தது. நெற்றி புடைத்திருந்தது. "ஏய்யா, இது நம்ம சிலேபில்லா?" என்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுதான் முதல் சந்தேகம். அது என்ன மீன்?

எதிர்க்கரையில் ஒரு சின்னக் கொக்கு கல்மேல் குந்தியிருந்தது. முதுகு கரும்பச்சை, கழுத்து செங்கல் நிறம். அது அலகில் இருந்த ஒரு பூச்சியைத் தண்ணீரில் போட்டது. பூச்சி மிதந்து கொஞ்சம் தள்ளிப் போனதும் அதை எடுத்துத் திரும்பவும் முன்னால் போட்டது. மூன்றாவது முறை கீழே இருந்து வந்த குஞ்சுமீனைக் குத்தி எடுத்தது. அப்பா வெகுநேரம் தன் தக்கையைப் பார்க்கவே இல்லை. "அதுவும் இரை போட்டுப் பிடிக்கிய்யா" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் இதை எழுதக் காரணம். வைத்துக்கொண்ட நான்கு மீனையும் செவுள் வழியாக நைலான் கயிற்றில் கோர்த்து, சைப்ரஸ் வேரில் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தோம். (அப்பா முதலில் கயிறு வேண்டாம், கொடி போதும் என்று மரத்தில் ஏறியிருந்த ஒன்றைப் பிடுங்கப் போனார். மூன்று மூன்று இலையாக இருந்ததைப் பார்த்து நான்தான் தடுத்தேன்.) ஒரு மணி வாக்கில் கயிறு தானாக ஆடியது. தூக்கிப் பார்த்தால் கடைசி மீனை வால் பக்கமாக ஒரு பாம்பு கவ்வியிருந்தது. நான்கடி இருக்கும். பழுப்பு, முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரி கறுப்புக் கட்டம். அந்த மீன்தான் அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரியது. நெஞ்சு செம்பு நிறத்தில் மின்னியது.

சத்தம் கேட்டு ஒருவர் ஓடிவந்தார். "காட்டன்மவுத்! விஷம்! அடியுங்கள்!" என்று ஒரு கல்லையும் எடுத்துவிட்டார். அப்பாவுக்கு அவர் பேசியது புரியவில்லை, கல் புரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். வேரில் இருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் செவுள் வழியாக மெதுவாக உருவினார். பாம்பு மீனை விடவே இல்லை. மீனோடு அப்படியே பின்வாங்கி வேருக்கடியில் போய்விட்டது. "கயித்தோட முழுங்கினா செத்துப்போகும்லா. மீனு போனாப் போட்டும்" என்றார்.

இரண்டாவது சந்தேகம்: அது விஷப்பாம்பா? அப்பா கையை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

#2 ஹூஸ்டன் தக்கை, ஞாயிறு இரவு 11.05

தம்பி, முதலில் பாம்பு. நீங்கள் சொல்லும் சங்கிலிக் கட்டம் டயமண்ட்பேக் வாட்டர்ஸ்னேக்கின் அடையாளம். விஷம் இல்லை. ஆனால் நன்றாகக் கடிக்கும். ரத்தம் சட்டென்று நிற்காது. கோர்த்த மீனைத் திருட வருவது அதற்கு வழக்கம்தான், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அதை நம்பாதீர்கள். தண்ணிப்பாம்பு பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகவே காட்டும். அதனாலேயே பாவம் நிறைய அடிபட்டுச் சாகிறது. நீந்தும்போது பாருங்கள். காட்டன்மவுத் பெரும்பாலும் உடம்பு முழுக்கத் தண்ணீர்மேல் மிதக்க நீந்தும். தண்ணிப்பாம்புக்குத் தலை மட்டும் மேலே, உடம்பு உள்ளே. காட்டன்மவுத்தைச் சீண்டினால் வாயைப் பிளந்து நிற்கும். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை, பெயரே அதனால்தான். எதுவானாலும் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அப்பா செய்தது சரியான காரியம், ஆனால் அடுத்த முறை அந்த முடிச்சை நீளக் கயிற்றில் போடுங்கள். தள்ளி நின்றே உருவலாம்.

மூன்று இலைக் கொடி பாய்ஸன் ஐவி. அதைப் பிடுங்கியிருந்தால் அப்பாவுக்கு இரண்டு வாரம் கை கொப்பளித்து அரித்துக்கொண்டே இருந்திருக்கும். செவுள் வழியாக அந்தக் கொடியைக் கோர்த்த மீனைச் சாப்பிடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை பார்த்தீர்கள்.

முத்துப்புள்ளி மீன் ரியோ கிராண்டே சிச்லிட். அப்பா சொன்னது குடும்பக் கணக்கில் சரி. சிலேபி, கேரளத்துக் கரிமீன், இது, எல்லாம் சிச்லிட் குடும்பம். அமெரிக்காவுக்கே சொந்தமான சிச்லிட் இது ஒன்றுதான். தெற்கே ரியோ கிராண்டே பக்கத்து மீன். மத்திய டெக்சஸ் ஓடைகளுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. குளிர் தாங்காது. நெற்றி புடைத்திருந்தால் வளர்ந்த ஆண்.

மற்றவற்றைச் செவுள் மடலைப் பார்த்துப் பிரிக்கலாம். கண்ணுக்குப் பின்னால் காதுமாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. மடல் குட்டையாக முழுக்கக் கறுப்பு, முதுகுத் துடுப்பின் கடைசியில் ஒரு கறுப்புக் கறை என்றால் ப்ளூகில். மடல் நீளமாக, ஒடுக்கமாக, நெஞ்சு மஞ்சளோ சிவப்போ என்றால் ரெட்ப்ரெஸ்ட். மடல் ஓரத்தில் வெள்ளைக் கரை, கன்னத்தில் நீல நெளிகோடு என்றால் லாங்இயர். வாய் மட்டும் பெரிதாக இருந்தால் க்ரீன் சன்ஃபிஷ். உங்கள் செம்புநெஞ்சுக்காரனுக்கு மடல் எப்படி இருந்தது?

#3 பொருநைக்கரையான், ஞாயிறு இரவு 11.30

ரொம்ப நன்றி அண்ணா. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடல் குட்டை, முழுக்கக் கறுப்பு. துடுப்பில் கறையும் இருக்கிறது. அப்போ ப்ளூகில்.

#4 கரிசல்வாசகி (கோவில்பட்டி), திங்கள் காலை 7.15

படித்துவிட்டுக் கண்மாய் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் கண்மாயில் தண்ணிப்பாம்பு இல்லாத இடமே கிடையாது. சின்ன வயதில் அதை யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. தவளை, மீன் தின்னும், அவ்வளவுதான் என்று பாட்டி சொல்லுவார். இப்போது பாம்பு என்றாலே அடித்துவிடுகிறார்கள்.

எனக்கு அந்தக் கொக்கு விஷயம்தான் நம்ப முடியவில்லை. நிஜமாகவே இரை போட்டா பிடித்தது? பூச்சி அலகில் இருந்து தவறி விழுந்திருக்குமோ?

#5 பறவைநோக்கி (சான் ஆன்டோனியோ), திங்கள் காலை 8.40

தவறி விழவில்லை. அது க்ரீன் ஹெரான். தூண்டில் போடுகிற பறவைகளில் அதுதான் பேர்போனது. பூச்சி, ரொட்டித் துண்டு, இறகு, சுள்ளி, எது கிடைத்தாலும் தண்ணீரில் போட்டு மீன் வரக் காத்திருக்கும். இரை மிதந்து விலகினால் திரும்ப எடுத்து முன்னால் வைக்கும். அவர் எழுதியதில் அந்தத் திரும்ப வைக்கிற காரியம்தான் எனக்கு உறுதி தந்தது. எல்லாக் க்ரீன் ஹெரானும் இதைச் செய்வதில்லை, சிலவற்றுக்குத்தான் கைவந்திருக்கிறது. நான் பதினைந்து வருஷமாகப் பறவை பார்க்கிறேன், இரண்டே முறைதான் கண்டிருக்கிறேன். கொடுத்துவைத்தவர் உங்கள் அப்பா.

நம் ஊரில் ஆற்றோரப் புதர்களில் இருக்கும் சின்னப் பச்சைக்கொக்கு இதன் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் மீன்கொத்தி வந்ததா? கடகடவென்று கிலுகிலுப்பை மாதிரி கத்திக்கொண்டு போனால் அது பெல்டட் கிங்ஃபிஷர். வயிற்றில் செம்பட்டை இருந்தால் பெண். பறவைகளில் பொதுவாக ஆணுக்குத்தான் நிறம் அதிகம், இதில் பெண்ணுக்கு ஒரு பட்டை கூடுதல்.

ஒரு வேண்டுகோள். நரம்பு சிக்கினால் அறுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் எடுத்து வாருங்கள். கிளையில் தொங்குகிற நரம்பில் கால் மாட்டித் தலைகீழாகச் செத்துக்கிடந்த ஒரு கொக்கை நான் கையால் அவிழ்த்திருக்கிறேன். அது மறக்கிற காட்சி இல்லை.

#6 குளத்துமேடு (டாலஸ்), திங்கள் மாலை 6.10

எல்லாம் சரி, மீதி மூன்று மீன் என்ன ஆச்சு, அதைச் சொல்லவே இல்லையே!

எங்கள் வீட்டில் செய்வது இது. செதிலைக் கரண்டியால் வாலில் இருந்து தலைப்பக்கம் சுரண்டி, தலையை எடுத்து, குடலை நீக்கிக் கழுவ வேண்டும். முதுகுத் துடுப்பின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறிவிட்டால், வெந்த பிறகு துடுப்பு முள்ளோடு தனியே வந்துவிடும். குழந்தைகளுக்குப் பயமில்லை. பக்கவாட்டில் மூன்று கீறல் போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் அரிசிமாவு தடவி அரைமணி நேரம் வைக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு பக்கம் நன்றாக முறுகும்வரை தொடவே கூடாது. அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும்.

என் யோசனை: உள்ளங்கை அளவை விட்டது நல்லது, ஆனால் பெரியது கிடைத்தால் தயங்காமல் வையுங்கள். டெக்சஸில் ப்ளூகில், ரெட்ப்ரெஸ்ட் மாதிரி சன்ஃபிஷ்களுக்கு மாநில அளவில் எண்ணிக்கை வரம்பும் இல்லை, அளவு வரம்பும் இல்லை.

#7 நீரியல் மாணவி (ஒன்டாரியோ), திங்கள் இரவு 9.50

பொருநைக்கரையான், ஒன்று கேட்கிறேன். அந்தச் செம்புநெஞ்சு ப்ளூகில் எங்கே கிடைத்தது? ஆழத்திலா, அல்லது ஓரத்தில், முழங்கால் இடுப்பு அளவுத் தண்ணீரில், அடியில் வட்ட வட்டமாகச் சுத்தம் செய்தது போன்ற இடத்திலா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் 21 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேறும்போது ப்ளூகில் முட்டையிடத் தொடங்கும். ஆண் மீன்தான் வாலால் விசிறி மண்ணைத் தள்ளி, சரளைக்கல் தெரிகிற மாதிரி வட்டமாகப் பள்ளம் செய்யும். பக்கத்துப் பக்கத்தில் பத்து இருபது பள்ளம் இருக்கும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பிறகு ஆண்தான் காவல். முட்டைமேல் மண் படியாமல் விசிறிக்கொண்டே இருக்கும், வருகிறதை எல்லாம் விரட்டும். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. புழு விழுந்தால் இரை என்பதைவிட எதிரி என்றுதான் கவ்வும். அதனால்தான் மிகச் சுலபமாக மாட்டும். நெஞ்சு செம்பாக மின்னுவது அந்தக் காலத்து ஆணுக்குத்தான்.

அதைத் தூக்கிவிட்டால் சில நிமிஷத்திலேயே மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே ஓப்பினிகான் ஏரியில் ப்ளூகில்லை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்களில் இரண்டு வகை. ஒரு வகை ஏழு வயதுவரை வளர்ந்து, பிறகு பள்ளம் கட்டிக் காவல் காக்கும். இன்னொரு வகை இரண்டு வயதிலேயே பக்குவமாகி, புல்லுக்குள் ஒளிந்திருந்து, பெரியது அசந்த நேரம் பாய்ந்து கரு சேர்த்துவிட்டு ஓடும். அதுவே கொஞ்சம் வளர்ந்ததும் பெண் மீனைப் போல நிறமும் நடையும் காட்டிப் பள்ளத்துக்குள்ளேயே நுழையும். இவை குஞ்சு காப்பதே இல்லை. பெரிய காவல்காரர்களை மட்டும் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டே இருந்தால், பெரியதாக வளரக் காத்திருக்கும் ஆண் குறைந்து, மீன் பொதுவாகவே சிறுத்துப்போகும். அதனால் நடுத்தரத்தை வையுங்கள், பள்ளத்தில் நிற்கிற பெரியதை விடுங்கள் என்பதே என் கருத்து. சட்டம் அனுமதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த மீனை என்று சட்டம் சொல்லித்தருவதில்லை.

#8 குளத்துமேடு, திங்கள் இரவு 10.40

ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் நண்பருடைய பண்ணைக்குட்டையில் ப்ளூகில் பெருகிப் பெருகி, ஒன்றும் மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை. எடுங்கள் எடுங்கள் என்றுதான் எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். பிடிக்காமல் விட்டால்தான் சிறுத்துப்போகிறது. நீங்கள் நேர்மாறாகச் சொல்கிறீர்களே?

#9 நீரியல் மாணவி, திங்கள் இரவு 11.15

நீங்கள் பார்த்ததும் உண்மை. குட்டையில் விழுங்குகிற மீன் குறைந்து, குஞ்சுகள் எல்லாம் பிழைத்துவிட்டால், தீனி பத்தாமல் எல்லாமே குறுகிப் போகும். அங்கே எடுக்கத்தான் வேண்டும், அதுவும் சின்னதையும் நடுத்தரத்தையும். நான் சொல்வது எந்த மீனை எடுப்பது என்று. குட்டையிலும் அந்தப் பெரிய ஆண்களை விட்டுவைத்தால் அவற்றைப் பார்த்து மற்ற ஆண்கள் அவசரப்பட்டு முதிர்வதில்லை. ஓடையில் பாஸ் மீன், கார் மீன், கொக்கு, ஆமை, இப்போது இந்தப் பாம்பும் சேர்த்து, தின்னுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே காவல்காரன் இன்னும் முக்கியம்.

#10 பொருநைக்கரையான், செவ்வாய் இரவு 9.30

பாதி நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஓரத்தில்தான் கிடைத்தது. அருவிக்குக் கொஞ்சம் கீழே, தேங்கிய தண்ணீரில், முழங்கால் ஆழம். அடியில் தட்டு தட்டாக வெள்ளைச் சரளை தெரிந்தது. யாரோ குழந்தைகள் விளையாடிய குழி என்று நினைத்தேன். புழு விழுந்தவுடன் கவ்வியது. நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "விரால் மாதிரில்லா" என்றார். விரால் குஞ்சு பொரித்தால் செக்கச் செவேலென்று ஒரு கொத்தாகத் தண்ணீர்மேல் எழும்பும். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அந்தக் கொத்தின் நடுவில் தவளையைக் கட்டி இறக்கினால் விரால் பாய்ந்து கவ்வும், தவறவே தவறாது. சுலபமாகக் கிடைக்கும் என்றாலும் தாத்தா அதைச் செய்ய விடமாட்டாராம். "குஞ்சோட நிக்கித விராலுக்கு முள்ளு போடாதன்னு எங்கய்யா சொல்லுவாரு. இதுவும் அதுதானேய்யா. நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

குளத்துமேடு அண்ணா, மீதி மூன்றும் ரெட்ப்ரெஸ்ட். உங்கள் முறைப்படிதான் கிட்டத்தட்ட, ஆனால் அப்பா சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டார். துடுப்பைக் கீறுகிற வித்தை தெரியாமல் என் மகள் முள்ளோடு கஷ்டப்பட்டாள். அடுத்த முறை செய்வேன்.

மீன்கொத்தி வந்தது, கிலுகிலுப்பைச் சத்தமேதான். பெண். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது சாயங்காலம் பாதையோரத்தில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகும்வரை எங்களைக் கவனிக்கவே இல்லை. அப்புறம் நின்ற இடத்திலேயே இரண்டடி மேலே எம்பியது! அப்பா நம் ஊர் எறும்புதின்னியை நினைத்து "அழுங்கு" என்றார். அதுதானா?

#11 ஹூஸ்டன் தக்கை, செவ்வாய் இரவு 10.05

ஓடு மட்டும்தான் ஒற்றுமை. அழுங்கின் செதில் நம் நகம் மாதிரியான பொருள். ஆர்மடில்லோவின் ஓடு எலும்பு. ஆர்மடில்லோவுக்குச் சொந்தம் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் ஸ்லாத். டெக்சஸில் இருப்பது ஒன்பது பட்டை ஆர்மடில்லோ. ஒரு ஈற்றில் நான்கு குட்டி, நான்கும் ஒரே முட்டையில் இருந்து வந்த ஒரே அச்சு. பயந்தால் எம்புவது அதன் இயல்பு, சாலையில் கார் அடியில் எம்பித்தான் நிறையச் சாகிறது. கையால் மட்டும் தொட வேண்டாம், தொழுநோய்க் கிருமி அதில் இருக்க வாய்ப்பு உண்டு.

#12 பழைய ஆஸ்டின்வாசி, புதன் காலை 6.50

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதனால்.

ஆனியன் க்ரீக் பார்க்கச் சாதுவான ஓடை. 2013 அக்டோபர் 31 விடியற்காலையில் அது 40 அடி அளவுக்கு எழுந்தது. கீழ்ப்பக்கம் குடியிருப்புகளில் தூக்கத்தில் இருந்தவர்கள் கூரைமேல் ஏறினார்கள். 2015 அக்டோபர் 30-ல் இன்னொரு வெள்ளம். நான் இரண்டிலும் நண்பர்கள் வீட்டில் சேறு அள்ளியிருக்கிறேன். பாறைமேல் மண் குறைவு, அதனால் பெய்த மழை ஊறாமல் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். உங்கள் தலைக்குமேல் வெயில் அடிக்கும், மழை மேற்கே முப்பது மைலில் பெய்திருக்கும். போகும் முன் மேற்கே மழை உண்டா என்று பாருங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் வர ஆரம்பித்தால் தூண்டிலைப் போட்டுவிட்டு மேடேறுங்கள்.

அப்புறம், ஐயாவைச் செருப்போடு விடாதீர்கள், ஷூ போடச் சொல்லுங்கள். கரையில் பொலபொலவென்று மண்மேடு இருந்தால் நெருப்பெறும்பு. ஏறுவது தெரியாது, ஏறிய பிறகு எல்லாம் சேர்ந்து கடிக்கும். மறுநாள் கடித்த இடமெல்லாம் சீழ்க்கொப்புளம்.

#13 பொருநைக்கரையான், ஞாயிறு மாலை 7.40

நேற்று மறுபடியும் போனோம். மேற்கே மழை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்பாவுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

போனதும் அப்பா தூண்டிலைப் பிரிக்கவில்லை. நேராக அந்தச் சரளை இடத்துக்குப் போய், பாறைமேல் குத்தவைத்து, வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஒன்பது பள்ளம். எட்டில் ஒவ்வொரு ஆண். சில அசையாமல் நின்று வாலை மட்டும் ஆட்டின. ஒன்று பக்கத்துப் பள்ளத்துக்காரனை ஓரம்வரை விரட்டிவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தது. நண்டுபோன்ற சின்ன க்ரேஃபிஷ் ஒன்று நுழையப் பார்த்தது. அதையும் முட்டித் தள்ளியது.

ஒன்பதாவது பள்ளம் வேருக்குப் பக்கத்தில் இருந்தது. சரளை தெரியவில்லை. மெல்லிய சாம்பல் மண் மூடியிருந்தது, நடுவில் ஒரு இலை கிடந்தது. அதுதான் நான் பிடித்த இடம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, "வாய்யா, கீழ போவோம்" என்று இருநூறு அடி தள்ளி ஆழமான நிழலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆறு ரெட்ப்ரெஸ்ட் கிடைத்தது. கையகலத்தில் மூன்றை வைத்துக்கொண்டோம். கோர்வைக் கயிற்றைத் தண்ணீரில் விடாமல் ஐஸ் பெட்டியில் போட்டோம். ஒரு குவாடலூப் பாஸும் வந்தது. டெக்சஸை விட்டால் வேறெங்கும் இல்லாத மீன், இந்த மாநில மீனும் அதுதான் என்று சொன்னேன். அப்பா அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து முள்ளைக் கழற்றினார். வெளியே தூக்கவே இல்லை.

பாம்பு அதே வேரில்தான் இருக்கிறது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வயிறு நடுவில் கொஞ்சம் புடைத்திருந்தது.

#14 கரிசல்வாசகி, திங்கள் காலை 6.30

மூடிப்போன பள்ளத்தில் வேறு ஆண் வந்து கட்டுமா?

#15 நீரியல் மாணவி, திங்கள் காலை 8.10

வரலாம். முட்டையிடுகிற காலம் அங்கே கோடை முழுக்க நீளும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

#16 பொருநைக்கரையான், திங்கள் இரவு 9.00

அப்பா ஜூன் கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் இன்னொரு முறை அந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். தூண்டில் வேண்டாமாம், பார்த்துவிட்டு வந்தால் போதுமாம். போய்வந்து எழுதுகிறேன்.